வேறு கோயில்காரிகள்

அந்தத் தாளைப் பார்த்த அரை நிமிடத்திலேயே ஒரு துண்டு குறைகிறது என்று பொன்மணிக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பு ஒன்பது வருடம் அவள் புதியம்புத்தூரில் ஒரு ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்தவள். வெட்டிய துணி மெஷினுக்குப் போகுமுன் கட்டுக் கட்டாக அவள் கைக்குத்தான் வரும். முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று, கை இரண்டு, காலர் இரண்டு, பை ஒன்று என்று எண்ணிச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். ஒரு கை குறைந்த கட்டு மெஷினுக்குப் போய்விட்டால் அன்றைக்கு முழுக்க அவளுக்குத் திட்டுத்தான். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. மதுரை ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி அறையில் ரூபினா மேசைமேல் விரித்துவைத்த தாளையும் அவள் எண்ணித்தான் பார்த்தாள்.

ரூபினா டாக்டர் இல்லை. பரம்பரையாக வரும் நோய்களைப் பற்றிக் குடும்பத்தாரிடம் பேசி விளக்குவது அவளுடைய வேலை. கோவில்பட்டியில் இரும்புக்கடை வைத்திருப்பவரின் மகள். அதனால் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பொன்மணிக்குப் பேச்சுப் புரிகிற ஒரே ஆள். தாளில் இருந்தது பொன்மணியின் மகள் காவியாவின் குடும்பப் படம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கலைந்துபோன கருவுக்குச் சின்ன முக்கோணம். இறந்தவர்கள்மேல் ஒரு குறுக்குக் கோடு. அடியில், பொன்மணியின் வட்டத்திலிருந்து இறங்கிய கோட்டில், இரண்டு முக்கோணங்களும் அவற்றுக்கு அடுத்து முழுக்கக் கறுப்படித்த ஒரு வட்டமும் இருந்தன. அந்தக் கறுப்பு வட்டம் காவியா.

காவியாவுக்கு ஏழு வயது. முன் வருடம் ஐப்பசியில், மக்காச்சோளத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்த நாட்களில், அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். கால் வலிக்கிறது என்றாள். வளரும் பிள்ளைக்கு வலிக்கத்தான் செய்யும் என்றார்கள். தொடையில் நீலத் தடங்கள் தெரிந்தபோது, யாரோ கிள்ளிவிட்டார்கள் என்று பொன்மணியே பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் சண்டை போட்டாள். பதினோரு வாரம் இப்படிக் கழிந்த பிறகு ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் விஷயம் வெளிப்பட்டது. ரத்தப் புற்று. அதிலும் அரிதான, கடுமையான வகை. மருந்தும் அதற்கேற்பக் கடுமையாகத்தான் இருக்கும் என்றார்கள். கடுமையான கட்டத்தைப் பிள்ளை தாண்டிவிட்டாள். முடி மறுபடி முளைத்துவிட்டது. தினமும் மாத்திரையும் மாதா மாதம் ஊசியும் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் உண்டு. அந்தப் பதினோரு வாரத்தை மட்டும் பொன்மணியால் யாரிடமும் திருப்பி வாங்க முடியவில்லை.

இந்த வகைப் புற்று வந்த பிள்ளைகளில் சிலருக்குப் பிறவியிலேயே குரோமோசோமில் ஒரு மாற்றம் இருக்கும் என்று பெரிய டாக்டர் தாய் தகப்பன் இருவரின் ரத்தத்தையும் எடுத்து அனுப்பினார். பொன்மணிக்கு எல்லாம் சரியாக இருந்தது. அவள் புருஷன் சோலைராஜுக்கு நாற்பத்தாறு குரோமோசோம் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து. பதினைந்தாவதில் ஒன்றும் இருபத்தொன்றாவதில் ஒன்றும் முனையோடு முனை ஒட்டி ஒன்றாகிவிட்டன. தேவையானது எதுவும் உள்ளே குறையவில்லை, அதனால் அவனுக்கு ஒரு கேடும் இல்லை என்று ரூபினா விளக்கினாள். பொன்மணி அதைத் துணியாக்கிப் புரிந்துகொண்டாள். இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தால் துணி குறையாது, போட்டுக்கொள்ளலாம். ஆனால் மெஷின் அந்தத் தடித்த தையல்மேல் ஓடும்போது சில சமயம் ஊசி முறியும். காவியாவுக்கு முறிந்தது அந்த இடத்தில்தான்.

இன்றைக்கு ரூபினா சொல்ல வந்தது வேறு. சோலைராஜின் சொந்தத்தில் ஐந்து பேருடைய ரத்தம் பார்த்தாயிற்று. சித்தப்பா கொம்பையா, அவருடைய இரண்டு மகன்கள், பெரியப்பா மகன், அவர் பிள்ளை. ஐவருக்கும் ஒன்றுமில்லை. ஆகவே இது சோலைராஜிடமே புதிதாகத் தோன்றியதாக இருக்கலாம், வீட்டில் மற்றவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை என்று அவள் முடிக்கப்போன நேரத்தில், பொன்மணி தாளின் நடுவில் விரலை வைத்தாள். மாமனார் மாடக்கண்ணுவின் குறுக்குக்கோடு போட்ட கட்டத்துக்கும் மாமியார் பெருமாயியின் வட்டத்துக்கும் கீழே ஒரே ஒரு கட்டம்தான் தொங்கியது.

"இவியளுக்குக் கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்காளே. அவ எங்கன?"

ரூபினா சோலைராஜைப் பார்த்தாள். அவன் காவியாவின் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"அவளக் கட்டிக்குடுத்தாச்சுலா" என்றான். "கழுகுமலப் பக்கம். அவ வேற கோயில்."

"அண்ணாச்சி, நான் ரத்தச் சொந்தம் அத்தன பேரையும்லா கேட்டேன்."

"ரத்தச் சொந்தத்தத்தான் குடுத்தேன். சாஸ்தா கோயில் தலைக்கட்டு நோட்டப் பாத்துத்தான் சொன்னேன். ஒருத்தர விடல."

அவன் பொய் சொல்லவில்லை. புதூர்ப் பக்கத்து அந்த ஊரில் 'எங்கள் ரத்தம்' என்றால் ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிற ஆண்வழிதான். மகன் பிறந்தால் நோட்டில் ஏறுவான். அவன் கல்யாணம் முடிந்ததும் தனித் தலைக்கட்டாவான், கோயில் கணக்கில் தனிக் குடும்பம். மகள் கல்யாணத்தோடு புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்குப் போய்விடுவாள். அன்றிலிருந்து அவளுக்கு இந்தக் கோயிலில் படையல் பங்கு கிடையாது. படம் எழுதிய நாளில் பொன்மணி காவியாவின் கட்டிலருகே சலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோலைராஜ் தனியாக உட்கார்ந்து, மனப்பாடமாக, கோயில் நோட்டை ஒப்பித்துவிட்டுப் போயிருக்கிறான். மாமனாரோடு பிறந்த, அவனுடைய அத்தைமார்கள் இரண்டு பேர், அவர்கள் பெற்றவர்கள் என்று ஒருவரும் தாளில் இல்லை. பாதிச் சட்டை.

ரூபினா பேனாவை மூடிவைத்தாள். அப்படியானால் நான் சொன்னது செல்லாது என்றாள். இது வழிவழியாக வந்ததென்றால் தங்கச்சிக்கும் இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவளுக்கு இருந்தால் அவள் பிள்ளைக்கும் அதேபோல.

"இருந்துட்டா?" என்று கேட்டாள் பொன்மணி.

"பயப்படுற மாதிரி கேக்காதீங்கக்கா. இந்த வகை லட்சத்துல ஒரு பிள்ளைக்கு வரும். இப்படிக் குரோமோசோம் ஒட்டி இருக்கிறவங்களுக்கு அது ரெண்டாயிரம் மடங்குக்கும் மேலன்னு ஆராய்ச்சில சொல்லுதாங்க. கேக்கப் பெருசா இருக்கும். கூட்டிக் கழிச்சா நூறு பேர்ல ரெண்டு மூணு. மிச்சப் பேருக்கு ஒண்ணும் வராது."

"அந்த ரெண்டு மூணுல ஒருத்திதான் எம்பிள்ள."

ரூபினா தாளைப் பொன்மணி பக்கம் நகர்த்தினாள். தெரிந்து வைத்திருந்தால் ஒரு காய்ச்சல் நாலு நாள் தாண்டும்போது அந்தத் தாயே ரத்தம் பார்க்கச் சொல்லிக் கேட்பாள், அவ்வளவுதான் இதனால் ஆகக்கூடியது என்று மட்டும் சொன்னாள். அந்த அவ்வளவுதான் என்பது பதினோரு வாரம் என்று பொன்மணிக்குத் தெரியும். நாத்தனார் செல்வலட்சுமிக்கு ஒரு மகன் இருந்தான். கண்ணபிரான், ஐந்து வயது.

பஸ்ஸில் வரும்போதே சோலைராஜ் பேச்சை முடித்துவிடப் பார்த்தான். தங்கச்சி வாழப்போன இடம் சாதாரண இடம் இல்லை, அவள் ரத்தத்தில் கோளாறு என்று ஒரு சொல் போனால் அவளைப் பெட்டியோடு கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்றான். வீட்டுக்கு வந்ததும் பெருமாயி அதையே இன்னும் உறைப்பாகச் சொன்னாள்.

"ஏட்டி, உனக்கு வந்த கஷ்டத்த எம்மகளுக்கும் பங்கு வைக்கப் பாக்குதியா?"

ஒரு வருடமாகப் பெருமாயி ஊரில் சொல்லிக்கொண்டிருந்தது வேறு கதை. நாங்கள் சொந்தத்தில் கட்டுகிற ஆட்களே இல்லை, எங்கள் வம்சத்தில் இந்த நோய் வர வழியே இல்லை. அசலூரிலிருந்து, சாயத்துணிப் புழுதி குடித்த வயிற்றோடு வந்தவள் கொண்டுவந்தது என்று. சொந்தத்தில் கட்டுவதற்கும் இந்த ஒட்டுதலுக்கும் சம்பந்தமே இல்லை என்று ரூபினா சொன்ன பிறகும் அந்தக் கதை நிற்கவில்லை. சோலைராஜின் ரிப்போர்ட் வந்த பிறகு கொஞ்சம் சத்தம் குறைந்தது, அவ்வளவே. செல்வலட்சுமியும் சும்மா இருக்கவில்லை. காவியாவுக்கு முடி கொட்டிக் கிடந்த நாளில் பார்க்க வந்தவள், வாசலிலேயே நின்று, கண்ணபிரானை உள்ளே விடாமல் பிடித்துக்கொண்டு, "மாமா வீட்டுத் தண்ணிகூடக் குடிச்சிராத" என்று சொன்னாள். அது காவியாவின் காதில் விழுந்தது. இந்தத் தாளை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டால் போதும், அந்தச் சொல்லுக்குக் கணக்குத் தீர்ந்துவிடும் என்று ஒருநாள் முழுக்கப் பொன்மணி யோசித்ததும் உண்மை. மறுநாள் காலையில் காவியாவுக்கு மாத்திரையை உடைத்துக் கொடுக்கும்போது, பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கியதைப் பார்த்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

முதலில் போன் செய்தாள். செல்வலட்சுமி இரண்டு தடவை எடுத்து, குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். பெருமாயி முந்திக்கொண்டிருந்தாள். வீட்டுக்கே போகலாம் என்றால், அங்கே மாமியார்க்காரி கதவு நிலையைவிட்டு அசைகிறவள் இல்லை. நாலு பேர் காதில் விழாமல் பேசக்கூடிய நாள் வருடத்தில் ஒன்றுதான் இருந்தது. பங்குனி உத்திரம். அன்றைக்கு அவரவர் குடும்பம் அவரவர் சாஸ்தா கோயிலில், வெட்டவெளியில், பெண்கள் ஒரு பக்கம் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள். இதில் ஒரு சிக்கல். அதே நாளில் பொன்மணியும் தன் புருஷன் வீட்டுக் கோயிலில் இருந்தாக வேண்டும். படையல் முடிந்து பெயர் வாசிக்கும்போது, அந்தந்தத் தலைக்கட்டின் மருமகள்தான் பாத்திரத்தை நீட்டிப் பங்கு வாங்க வேண்டும். வாங்காமல் போனவள் என்று அந்தக் கோயிலில் இதுவரை ஒருத்தியும் இல்லை.

உத்திரத்தன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. கரிசல் வெடித்து, கால் விரல் புகுகிற அளவுக்குப் பிளந்து கிடந்தது. ஓடைக்கரையில் இருந்த கோயிலைச் சுற்றி வேன்களும் டிராக்டர்களும் நின்றன. கூட்டத்துக்குள் விடக்கூடாது என்பதால் காவியாவை மாஸ்க்கோடு தள்ளி ஒரு வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள். பொங்கலை இறக்கியதும் பொன்மணி எவர்சில்வர் தூக்குவாளியைக் கழுவிச் சோலைராஜிடம் நீட்டினாள்.

"பங்க நீங்க வாங்குங்க. பிள்ளையப் பாத்துக்கிடுங்க. பன்னெண்டு மணி மாத்திரை மஞ்சப் பையில இருக்கு."

அவன் வாளியை வாங்கவில்லை.

"இன்னைக்கா? பேரு வாசிக்கப் போறாவ. சித்தப்பா என்ன சொல்லுவாவ?"

"அவிய நோட்டுல இல்லாதவளத்தான் பாக்கப் போறேன்."

"அம்மை உன்ன உண்டு இல்லன்னு பண்ணிருவா."

"ஒரு வருசமாப் பண்ணிக்கிட்டுத்தான இருக்காவ" என்றாள் பொன்மணி. வாளியை அவன் காலடியில் வைத்தாள். "ஒங்க தங்கச்சிக்கு ஒண்ணும் இல்லன்னு வந்தா மொட்ட போட்டுக்கிடுதேன். நீங்க என்ன பண்ணுவீங்க, இருந்துட்டா?"

சோலைராஜ் வேப்பமரத்தடியைப் பார்த்தான். பிறகு குனிந்து வாளியை எடுத்தான்.

அவள் வண்டிப்பாதையில் பாதி தூரம்கூடப் போயிருக்கமாட்டாள். பின்னால் கொம்பையா நோட்டை விரித்துப் பெயர் வாசிக்கும் குரல் கேட்டது. சோலைராஜ் தலைக்கட்டு என்றதும் சின்னச் சலசலப்பு. "ஏலே, பொண்டாட்டி சேலையையும் ஒன்கிட்டக் குடுத்துட்டாளா?" என்று யாரோ கேட்க, சிரிப்பு எழுந்து அடங்கியது. அவன் என்ன பதில் சொன்னான் என்று கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள் அந்தத் தாளின் ஜெராக்ஸ் நாலாக மடிந்து இருந்தது.

கழுகுமலைக்குத் திருவிழாக் கூட்டம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஏறி, கடைசிவரை ஒற்றைக் காலில் நின்றுதான் போனாள். இறங்கி, ஒரு ஷேர் ஆட்டோவில் நாலு மைல். செல்வலட்சுமி புகுந்த வீட்டுச் சாஸ்தா ஒரு கண்மாய்க்கரை மேல் இருந்தார். பந்தல், மைக்செட், அடுப்புகள், புகை. பொன்மணியைக் கண்டதும் கரண்டியோடு எழுந்த செல்வலட்சுமியின் முகத்தில் முதலில் வந்தது பயம்.

"காவியாவுக்கு என்ன மைனி?"

அந்தக் கேள்வியில் பொன்மணிக்கு ஏதோ ஒன்று இளகியது. ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள், உன்னிடம்தான் பேச வேண்டும் என்றாள். உடனே செல்வலட்சுமியின் முகம் மாறிவிட்டது. மாமியார் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடம் எடுத்துக்கொண்டு தண்ணீர் டேங்கர் நின்ற இடத்துக்கு நடந்தாள். பொன்மணி பின்னால் போனாள். டேங்கர் நிழலில் இருவரும் நின்றார்கள். பொன்மணி சுற்றி வளைக்கவில்லை. அண்ணனுக்கு இருப்பதையும், உனக்கும் இருக்கலாம் என்பதையும், இருந்தாலும் நூற்றில் இரண்டு மூன்றுதான் என்பதையும் ரூபினா சொன்ன வரிசையிலேயே சொன்னாள்.

"அம்மை சொல்லிட்டா" என்றாள் செல்வலட்சுமி. "நான் ஒங்க கோயில் இல்ல மைனி. நான் இங்கன வந்து எட்டு வருசமாச்சு. எம்மகன் இந்தக் கோயில் பிள்ள. அவனுக்கு என்னத்துக்கு ஒங்க வீட்டுச் சீக்கு?"

"சீக்குன்னு நான் சொல்லல."

"ஊரு சொல்லும்லா. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா அன்னைக்கே என்ன அனுப்பிருவாவ. ஒங்களுக்கென்ன, நீங்க தப்பிச்சிட்டீங்க. ரிப்போர்ட்டுல ஒங்களுக்கு ஒண்ணுமில்லையாம்லா. அதக் காட்டத்தான் இம்புட்டுத் தூரம் வந்தீங்களா?"

பொன்மணிக்கு நாக்கு நுனிவரை வந்தது அந்தத் தண்ணீர்ச் சொல். விழுங்கினாள். பேச்சால் ஆகாது என்று பட்டது. சுருக்குப்பையைத் திறந்து தாளை எடுத்து, டேங்கரின் சக்கரத்துக்கு மேலிருந்த தகரத்தில் விரித்தாள். பேனா இருந்தது. பெருமாயிக்கும் மாடக்கண்ணுவுக்கும் கீழே, சோலைராஜின் கட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு வட்டம் போட்டாள். அதிலிருந்து ஒரு கோடு இறக்கி, ஒரு சின்னக் கட்டம்.

"இது நீ. இது கண்ணபிரான். இது இல்லாம இந்தத் தாளு பொய்யி. அத மட்டும் சொல்லத்தான் வந்தேன்."

செல்வலட்சுமி பார்க்கமாட்டேன் என்பதுபோலத்தான் நின்றாள். குடம் நிறைந்து வழிந்தது. குழாயை மூடக் குனிந்தவள், அப்படியே தாளைப் பார்த்தாள். அண்ணன், மைனி, கறுப்படித்த காவியா. அவள் விரல் காவியாவுக்கு முன்னால் இருந்த இரண்டு சின்ன உருவங்களில் நின்றது.

"இது என்ன?"

"கலஞ்சது" என்றாள் பொன்மணி. "எனக்கு ரெண்டு. இப்படி ஒட்டிப் போன குரோமோசோம் தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தா சில கரு தங்காதாம். அதுக்கு முக்கோணம் போடணும்னு ரூபினா சொன்னா. நானும் என்னாலதான்னு இருந்தேன், இத்தன வருசம்."

மைக்செட்டில் யாரோ தொலைந்துபோன ஒரு பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செல்வலட்சுமி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு பேனாவைப் பொன்மணியின் கையிலிருந்து எடுத்தாள். கண்ணபிரானின் கட்டத்துக்கு இந்தப் பக்கம் இடம் தேடி, ஒரு முக்கோணம் போட்டாள். கட்டத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. பள்ளிக்கூடத்துக் கையெழுத்துப்போல, கோடுகள் சேர்கிற முனையை அழுத்தி.

"எனக்கு மூணு" என்றாள். "கடைசிது போன தையில. அம்மைக்கும் தெரியாது. எங்க வீட்டுக்காரவ கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தாவ, அவியளுக்கும் தெரியாது. காட்டுல பருத்தி எடுத்துக்கிட்டு இருக்கும்போது. துணிய ஓடைல அலசிட்டுச் சாயங்காலம் வரைக்கும் எடுத்தேன்."

பொன்மணி அவளைத் தொடவில்லை. தொட்டால் இரண்டு பேரும் அழுதுவிடுவார்கள், அழுதால் அடுப்படியிலிருந்து பத்துப் பேர் வந்துவிடுவார்கள். தாளை மடித்துக்கொண்டு, சித்திரை இரண்டாவது திங்கட்கிழமை காவியாவுக்கு ஊசி நாள் என்றாள். காலை ஆறரை மணிக்கு மதுரை வண்டி. கண்ணபிரானுக்கும் உனக்கும் ஒரு குழாய் ரத்தம். ஊசி குத்துகிற நேரம்தான். வேண்டுமானால் திருவிழாத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வா.

செல்வலட்சுமி குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"பொய் சொல்லிட்டு வந்தா நாளைக்கு அது ஒரு கதையாயிரும் மைனி. எங்க வீட்டுக்காரவகிட்ட நானே சொல்லுதேன். அனுப்புனா வாரேன். அனுப்பலன்னாலும் வாரேன்."

அடுப்புகளை நோக்கி நாலடி போனவள் நின்றாள்.

"அன்னைக்குத் தண்ணி குடிக்காதன்னு சொன்னது காவியா காதுல விழுந்துச்சோ?"

"விழுந்துச்சு" என்றாள் பொன்மணி.

ஊருக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. பெருமாயி அவளோடு பேசவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் பேசவில்லை. சோலைராஜ் தூக்குவாளியைத் திறந்து காட்டினான். அவள் பங்கை அப்படியே வைத்திருந்தான். மாத்திரையைச் சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கொடுத்ததாகவும் சொன்னான்.

சித்திரை இரண்டாவது திங்கட்கிழமை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் இருந்தபோது, கழுகுமலை வண்டியிலிருந்து செல்வலட்சுமி இறங்கினாள். கையில் கண்ணபிரான். பின்னால் அவள் புருஷன் சௌந்தரபாண்டியன், சட்டைப் பையில் ரேஷன் கார்டும் ஆதாரும் துருத்திக்கொண்டிருக்க. அவனிடம் அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள், ஓடையில் அலசிய துணிவரை. இரண்டு நாள் அவன் வாயைத் திறக்கவில்லையாம். மூன்றாம் நாள் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டானாம். தன் அம்மாவிடம் என்ன சொன்னான் என்பதை அவன் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பஸ்ஸில் கண்ணபிரானுக்குத் தாகம் எடுத்தது. செல்வலட்சுமி காவியாவிடம் கையை நீட்டி அவள் பாட்டிலைக் கேட்டாள். காவியா தாயைப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து, மாஸ்க்குக்கு மேலே கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ஒரு மடக்குதான் குடிக்கணும், மிச்சம் எனக்கு வேணும்" என்று கொடுத்தாள்.

முடிவு வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. செல்வலட்சுமிக்கும் குரோமோசோம் நாற்பத்தைந்து. கண்ணபிரானுக்கும் நாற்பத்தைந்து. அவன் ரத்த அணுக்கள் எல்லாம் சரியாக இருந்தன. ரூபினா அதையே இரண்டு முறை சொன்னாள். செல்வலட்சுமி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழுவாள் என்று பொன்மணி எதிர்பார்த்தாள். அவள் அழாமல், காய்ச்சல் எத்தனை நாள் இருந்தால் வர வேண்டும், நீலத் தடம் எங்கெங்கே பார்க்க வேண்டும், அடுத்த பிள்ளைக்கு முன்னால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில் இதையெல்லாம் ஊர் டாக்டருக்குப் புரிகிற மாதிரி ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கழுகுமலை டாக்டருக்கு ஒன்று, வீட்டில் ஒன்று என்று மூன்று ஜெராக்ஸ் எடுத்தாள்.

எல்லோரையும்விடப் பொன்மணியை வியக்கவைத்தவள் பெருமாயி. மகளின் முடிவைக் கேட்டுவிட்டு அன்று முழுக்க விறகுக்குப் பருத்திமார் கட்டிக்கொண்டிருந்தவள், இருட்டும் நேரம் மருமகள் முன்னால் வந்து இடது கையை நீட்டினாள். அது தன்னிடமிருந்து வந்ததா என்று தெரிந்தாக வேண்டும் என்றாள்; நானும் ஒருகாலத்தில் வேறு கோயிலிலிருந்து வந்தவள்தானே என்றாள். அடுத்த ஊசி நாளில் அவளையும் கூட்டிப்போய் ரத்தம் கொடுத்தார்கள். அவளுக்கு நாற்பத்தாறும் ஒழுங்காக இருந்தது. அப்படியானால் அது மாடக்கண்ணுவின் வழி. அந்தக் குடும்பத்துக்குக் கல்யாணம் முடித்து வந்த இரண்டு பெண்களிடமும் அது இல்லை. பெருமாயி அந்த முடிவைப் பொன்மணியின் வாயிலிருந்து இரண்டு முறை கேட்டாள்.  பிறகு மாடக்கண்ணுவின் அக்காவும் தங்கையும் வாழ்க்கைப்பட்ட ஊர்களையும், அவர்கள் பெற்ற பெண்களின் பெயர்களையும், அந்தப் பெண்கள் போன ஊர்களையும் வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். எல்லாம் மனப்பாடமாக அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்த நோட்டிலும் இல்லாத பதினேழு பெயர்கள்.

தாளில் இடம் போதவில்லை. பொன்மணி ஓரத்தில் இன்னொரு தாளை வைத்துச் செலோடேப்பால் ஒட்டினாள். பின்பக்கமும் ஒரு முறை ஒட்டினாள், பிரியாமல் இருக்க.

ஆனி கடைசி ஞாயிறன்று அவளும் செல்வலட்சுமியும் சங்கரன்கோவில் வண்டிக்காகக் கழுகுமலையில் நின்றார்கள். மாடக்கண்ணுவின் அக்கா மகள் ஒருத்தி சங்கரன்கோவில் பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இளையதுக்கு வயது மூன்று. போனில் சொன்னபோது அவள் வைத்துவிட்டாள்.

"வாசல்லயே நிப்பாட்டிருவா மைனி, பாருங்க" என்றாள் செல்வலட்சுமி.

"நிப்பாட்டட்டும். நீ மொதல்ல அந்த மூணு முக்கோணத்தக் காட்டு. பெறகு நான் பேசுதேன்."

வண்டி வந்தது. உட்கார இடம் இல்லை. இருவரும் ஏறி, ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.